முதலில் சொல்ல வேண்டியவர்

நிறைவாழ்வு நகரில் நூல்கள் ஓடத் தொடங்கிய காலையில் முதலில் எழுந்தவர்கள் அவற்றைக் காத்தாடி நூல் என்றுதான் நினைத்தார்கள். பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கியவர்கள் மாஞ்சாவுக்குப் பயந்து கழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து நடந்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான், அவை காத்தாடிக்கு உரியவை அல்ல என்பதும், ஒரு பிளாக்கின் ஐந்தாம் மாடி நிலைவாசலிலிருந்து கிளம்பும் நூல் வெட்டவெளியைக் கடந்து இன்னொரு பிளாக்கின் இரண்டாம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் இடது மணிக்கட்டில் போய் முடிகிறது என்பதும், அவர் நடந்தால் கூடவே நடக்கிறது, கதவைச் சாத்தினால் கதவின் ஊடாகவே வருகிறது, கத்திரிக்குக் கட்டுப்படுவதில்லை, யாரையும் அறுப்பதுமில்லை என்பதும் விளங்கியது. வேட்டி அலசிய தண்ணீரின் நிறம் அதற்கு. தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றியைப் போல லேசாகச் சுட்டது.

போலீஸ் வந்து மாஞ்சா விற்றவன் யார் என்று கேட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஏட்டின் மணிக்கட்டிலேயே மூன்று நூல்கள் இருப்பதை ஒரு பெண் சுட்டிக்காட்டியதும் அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். கரண்டு லைன் பார்க்கிறவர்கள் வந்து, இது எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீடுகளைக் கட்டிக் கொடுத்த அலுவலகம், அனுமதியற்ற இணைப்புகளை உடனே அகற்றும்படி எல்லாக் கதவுகளிலும் நோட்டீஸ் ஒட்டியது. பசை காய்வதற்குள் அந்த நோட்டீசைத் துளைத்துக்கொண்டே நூல் ஓடியது.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை. முந்தின நாள் மாலை சமூகக் கூடத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டிய படத்தில் இதே கோடுகள் இதே வீடுகளுக்கு இடையில்தான் ஓடின. படம் அணைந்தது, கோடுகள் அணையவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் இருந்த வீடு ஒரு பகலில் இல்லாமல் போய், ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு நம்பராக முளைத்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் இரண்டு வேலைகளோடு வந்திருந்தார்கள். ஒன்று, ஆற்றோரம் இடிக்கப்பட்ட தோப்புக்கரையை அங்கே இருந்தவர்களின் நினைவிலிருந்து வீடு வீடாகக் கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டுவது. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அந்த வீட்டைப் பற்றி ஒரு குரல் பேசும். இன்னொன்று, அங்கிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இங்கே நலமாக இருக்கிறார்களா என்று கணக்கெடுப்பது. பேராசிரியர் பத்மாவதி பழைய பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்தே தலை நரைத்தவர். மனிதர்களைக் கணக்கெடுப்பது அவருக்குப் புதிது. வெளிநாட்டிலிருந்து வந்த கேள்விகளில் ஒன்று, நீங்கள் எவ்வளவு அடிக்கடி தனிமையாக உணர்கிறீர்கள் என்பது. அதைக் கேட்டதும், ஓர் அறையில் ஆறு பேராகப் படுப்பவர்கள் சிரித்தார்கள். "தனியாவா? ஒண்ணுக்குப் போனாகூட கதவத் தட்றானுங்கம்மா." ஆகவே பேராசிரியர் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்: உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? நல்ல கேள்வி என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். நல்ல கேள்விதான்.

ஆனால் தோப்புக்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரில் ஒருவர் இருக்கும்போது, அங்கே இல்லாத இன்னொருவரை உயர்த்திப் பேச மாட்டார்கள். யார் வீட்டுக் குழம்பு ருசி என்று கேட்டால், கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் வீட்டுக் குழம்பு என்பார்கள். அது பொய்யல்ல, முகத்துக்குச் செய்யும் மரியாதை. கணக்கெடுப்பு பெரும்பாலும் பி பிளாக்கின் நிழலில், தணிகாசலத்தின் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடந்தது. ஆகவே பாதிப் பேர், "தோ, தணிகாசலத்தாண்டதான் சொல்லுவோம்" என்றார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் அங்கே காவலுக்கு நின்ற ஏட்டையும், தண்ணீர் லாரி டிரைவரையும், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சொன்னார்கள். மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடி பதிந்தார்கள்; ஒவ்வொரு பதிலும் படத்தில் அந்த வீட்டிலிருந்து அந்த ஆளுக்கு ஒரு கோடாயிற்று. முதலில் வரும் பதிலையே பதிய வேண்டும் என்பது விதி.

டி பிளாக்கின் ஏழாம் மாடிக்கு ஏறிப் போனவள் எழிலரசி. ஆரணிப் பக்கத்துப் பெண், பேராசிரியரின் ஆராய்ச்சி உதவியாளர். அங்கே தேசம்மாவின் கணவர் கன்னியப்பன் வாதம் வந்து படுத்திருந்தார். ஆற்றங்கரையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவர். வேறு எதைப் பேசினாலும் நாக்குக் குழறியது. கரையில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று சொல்லும்போது மட்டும் குழறவில்லை. படுத்தபடியே, விளங்குகிற இடது கையைக் காற்றில் நகர்த்தி நகர்த்தி, வண்டி மிதிக்கிற வேகத்தில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். எழிலரசி பல தடவை வந்து அந்தக் குரலைப் பதிந்துகொண்டு போனாள். கம்ப்யூட்டரில் எழுந்த கரையில் பாதி அவர் சொன்னது.

வேலை முடிந்து கடைசியாக வந்த அன்று தேசம்மா ஏழு மாடி இறங்கி ஏறி அவளுக்குக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். எழிலரசி பாதி குடித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். எதிர்வீட்டுப் பூங்காவனம் அப்போது வேலைக்குப் போயிருந்தாள். தேசம்மாவும் பூங்காவனமும் தோப்புக்கரையில் ஒரே தகரத்தை இரண்டு வீட்டுக்கும் சுவராக வைத்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவர்கள். இங்கே குலுக்கலில் எதிரெதிர்க் கதவு விழுந்தபோது, ஊரே பூட்ச்சு, நீ பூடல என்று கட்டிக்கொண்டு அழுதவர்கள். தேசம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்பது ஏழாம் மாடி முழுக்கத் தெரியும். தேசம்மாவோ, பாதிக் கலர் பாட்டிலோடு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தாள்.

"உன்னாண்டதான் கண்ணு சொல்லுவேன். வேற யாராண்ட சொல்லப்போறேன்?"

எழிலரசி சிரித்தாள். "நான் வெளியாள்மா."

"எந்த வெளியாளு ஏழு மாடி ஏறி வந்து இவரு பேச்சக் கேட்டுச்சு? எழுதிக்கோ."

எழிலரசி கையிலிருந்த பதிவுக் கருவியில் தன் பெயரைத் தானே அடித்தாள். கருவி ஏற்றுக்கொண்டது.

ஆகவே அந்தக் காலையில் எல்லோருடைய நூல்களும் வானத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியபோது, தேசம்மாவின் வீட்டு நூல் மட்டும் முழங்கால் உயரத்தில் புறப்பட்டு, பூங்காவனத்தின் வாசலைக் கடந்து, ஏழு மாடிப் படிகளையும் இறங்கி, கேட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோக்கள் போகும் சாலையோடு போய், பாலங்கள் ஏறி இறங்கி, பல்கலைக்கழக விடுதியில் அப்போதுதான் கண் விழித்த எழிலரசியின் மணிக்கட்டில் முடிந்தது. பூங்காவனம் கதவைத் திறந்ததும் அதைப் பார்த்தாள். அவளுடைய சொந்த நூல் நேர் எதிர்வீட்டுக்குள் போய்த் தேசம்மாவின் கையில் முடிந்திருந்தது.

"ஏன் தேசம், இது எங்க போது?"

"அந்தப் படிக்கிற பொண்ணாண்ட."

"ஓ."

"எதிர்ல குந்திகினு இருந்துச்சு பூங்கா. கலரு குட்ச்சினு இருந்துச்சு. அத்த வெச்சிகினு எப்படிச் சொல்றது?"

"எனக்கு எதிர்ல தணிகாசலம் நின்னுகினு இருந்தான். மூஞ்சப் பாத்துகினே நின்னான். நான் உம்பேரச் சொல்லல?"

பூங்காவனம் புடவையைச் சற்றுத் தூக்கி, நூலைத் தாண்டி, வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் தாண்டினாள். படாமல் தாண்டுவதற்கு வேண்டியதைவிட ஒரு சாண் அதிகமாகவே காலைத் தூக்கினாள். கன்னியப்பனைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். இத்தனை காலம் இன்னொருத்தி அவள்தான். இப்போது தேசம்மா தனியாகப் புரட்டினாள். எதிர்க்கதவு திறந்திருந்தாலும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் பூங்காவனமும் வரவில்லை.

நிறைவாழ்வு நகர் நூல்களோடு வாழப் பழகியது. ஈரத்துணி காயப்போட்டார்கள், அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்தது. மேல்மாடிப் பெண்கள் தூக்குச்சட்டியில் குழம்பை மாட்டிச் சரிவில் எதிர் பிளாக்குக்கு அனுப்பினார்கள். காகங்கள் உட்கார்ந்தன. பிள்ளையார் ஊர்வலத்தன்று சாமியை ஒரு பக்கமாகச் சாய்த்து நூல்களுக்கு அடியில் கொண்டுபோனார்கள், அடுத்த வருஷம் உயரம் குறைவான சாமியாகவே வாங்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஒரு நூலும் வந்து சேராதவர்கள் அங்கே கர்ச்சீப் சுற்றிக்கொண்டார்கள். தணிகாசலத்துக்கோ சேர்ந்த நூல்களின் கனத்தில் இடது கை தொங்கிவிட்டது. வலது கையால் மட்டும் தேய்த்தான். எல்லார் சட்டைக் காலரும் ஒரு பக்கமாகவே மடிந்தது.

"உனக்கு இன்னாடா கொற? ஊர்ல பாதி உனக்குச் சொந்தம்" என்று கேலி செய்தார்கள்.

"இன்னாத்த சொந்தம்? எழவுக்கு மட்டும் தணிகாசலம். ஒரு காதுகுத்துக்கு எவனாவது கூப்டியா?"

பிறகு சாவுகள் விழத் தொடங்கின. எப்போதும்போல, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வீட்டில் மூச்சு நின்றதும் அந்த வீட்டு நூல் மறுமுனையில் ஒரு தடவை சுண்டியது. சுண்டப்பட்டவர் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தணிகாசலம் முதல் தடவை ஓடிப்போய் நின்றபோது, அந்த வீட்டுக்காரர்கள் அவனைப் பார்த்ததும் அடக்கிவைத்திருந்தது உடைந்து அழுதார்கள், அவனும் என்ன செய்வது என்று தெரியாமல் வாய்விட்டு அழுதான், அந்தக் குரல் கேட்டு மற்ற வீட்டுக் கதவுகள் திறந்தன. அது அப்படியே வழக்கமாகிவிட்டது. நூல் சுண்டி வந்தவர்தான் முதல் குரல் எடுத்து அழ வேண்டும். முதல் குரல் கேட்டபின் மற்றவர்கள் போகலாம். அதற்கு முன்னால் போவது, அழைக்காத பந்தியில் இலை போட்டு உட்காருவது மாதிரி. தோப்புக்கரையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் விழித்துக்கொள்வார்கள். இங்கே காங்கிரீட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, போகலாமா கூடாதா என்று கதவுக்கு உள்ளேயே தயங்கி நின்றவர்களுக்கு நூல் ஒரு வசதியாக இருந்தது. நூல் இழுக்கிற ஆள் பக்கத்துப் பிளாக்கில் இருந்தவரை, அந்த வழக்கத்தில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை.

பேராசிரியர் பத்மாவதி சும்மா இருக்கவில்லை. முதலில் கம்ப்யூட்டரில் கோடுகளை அழித்துப் பார்த்தார். வெளியே ஒரு நூலும் அசையவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதினார், பதிந்த பதிலை மாற்றப் பதில் சொன்னவருக்கு மட்டுமே உரிமை என்று கமிட்டி எழுதியது. ஆகவே எல்லோரிடமும் மறுபடி கேட்டு வரச் சொன்னார். இந்தத் தடவை யார் எதிரில் நிற்கிறார்கள் என்பது குழப்பமே செய்யவில்லை. மக்கள் தங்கள் நிலைவாசலை அண்ணாந்து பார்த்து, நூல் யாராண்ட போதோ அவராண்டதான் என்றார்கள். இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் ஒரு பெயர்கூட மாறவில்லை. இவ்வளவு உறுதியான தரவை என் சர்வீசில் பார்த்ததில்லை என்று புள்ளியியல் துறைக்காரர் வந்து கை குலுக்கினார். பத்மாவதி அவர் போன பிறகும் தம் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் மாடிக்கு மறுபடி கேட்கப் போனவளும் எழிலரசிதான். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம்; ஆனால் தானே போய்ப் பேசினால் மாறும் என்று நினைத்தாள். அதே நாற்காலி, அதே கலர். எதிர்க்கதவு திறந்திருந்தது, பூங்காவனம் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கம்மா. எதிர்வீட்டு அக்கா பேரைச் சொல்லிடுங்க. எனக்கு வருத்தமே இல்லை."

தேசம்மா திறந்திருந்த எதிர்க்கதவைப் பார்த்தாள். கட்டிலில் கன்னியப்பன் இடது கையை லேசாகத் தூக்கிவிட்டுப் போட்டார்.

"நீ சொல்லச் சொல்லி நான் சொன்னா, அது சொன்னதா கண்ணு? அவளுக்கு அது எப்படி இருக்கும்?"

"அப்ப என்னை எடுத்துடுங்க. யாருமே இல்லைன்னு சொல்லுங்க."

"வூட்டுக்கு வந்த பொண்ண எழவுல சேத்துட்டு, அப்பால வேணான்னு தள்றதா? நல்லாக்குதே."

எதிர்வீட்டிலிருந்து, அரிசியிலிருந்து தலையை எடுக்காமலே, பூங்காவனத்தின் குரல் வந்தது. "ஒண்ணும் மாத்த வேணாம். எனக்கு யாரும் பிச்ச போட வேணாம்."

எழிலரசி மீதிக் கலரைக் குடித்தாள். கருவியில் பழைய பெயரையே அடித்தாள். படியிறங்கும்போது நூல் அவளுக்குப் பின்னால் நீண்டுகொண்டே வந்தது.

பிறகு பணம் கொடுத்தவர்கள் விதித்த காலம் முடிந்து திட்டமும் முடிந்தது. கம்ப்யூட்டரில் தோப்புக்கரை முழுதாக எழுந்து நின்றது. மக்கள் போனில் ஒரு தடவை திறந்து, தங்கள் வீட்டைத் தொட்டு, அதன் குரலைக் கேட்டுவிட்டு மூடினார்கள். எழிலரசிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நூலும் கூடவே போயிற்று. ஓசூர் சாலையில் லாரிகள் அதன் மேல் ஏறிப் போயின, ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டுக்கு மேல் பட்டை அகலமான வாட்ச் கட்டிக்கொண்டாள். கன்னியப்பனுக்கு மூச்சு முட்டும் நாட்களில் வாட்சுக்கு அடியில் சுட்டது. தேசம்மாவுக்குப் போன் செய்தால், "நல்லாக்கிறாரு கண்ணு, நீ உடம்பப் பாத்துக்க" என்பாள். எதிர்வீட்டு அக்கா வருகிறார்களா என்று கேட்டால், "அவளுக்கும் வேல கீதுல்ல" என்பாள்.

ஒரு மதியம், இடம் மாற்றப்பட்ட மக்களின் உறவுகளும் நலவாழ்வும் என்பது பற்றி ஒரு கூட்டத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் படம் இருந்தது, புள்ளிகளும் கோடுகளுமாக. கையை நீட்டி ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும்போது நூல் சுண்டியது. அவளுடைய கை தானாகக் கீழே இறங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் அடுத்த படம் வரும் என்று காத்திருந்தார்கள்.

அங்கே நிறைவாழ்வு நகரில், தேசம்மா கணவரின் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. பூங்காவனத்துக்கு மதியமே தெரிந்துவிட்டது. எதிர்க்கதவுக்குப் பின்னாலிருந்து இத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்த மூச்சுச் சத்தம் நின்றதும், அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். ஆனால் அவளை யாரும் கூப்பிடவில்லை, முதல் குரலும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நூலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். மாலைக்குள் ஏழாம் மாடிக்கும், ஆறாம் மாடிக்கும், பிறகு எல்லாப் பிளாக்குக்கும் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்து படிகளில் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் ஐஸ் பெட்டி வரவழைத்தான். அதுவும் கீழேயே நின்றது, குரல் எடுக்காத வீட்டுக்குள் பெட்டி ஏற்றுவதில்லை என்பதால். இருட்டும் வேளையில் அவனே எழிலரசிக்குப் போன் போட்டான்.

"எங்கம்மா கீற?"

"பஸ்ல. ஓசூர் தாண்டலை இன்னும். டிராபிக்."

"வெடிஞ்சிரும்மா நீ வர்றதுக்குள்ள. ஒண்ணு பண்றியா? போன்லயே கொஞ்சம் அழுதுடு. ஸ்பீக்கர்ல போட்டு வாசல்ல வெச்சிடறேன். எல்லாம் குந்திகினுக்கீறாங்க, பாவம்."

எழிலரசி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து சீட்டில் ஒருவர் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். முன்னால் டிவியில் காமெடி ஓடியது. அவள் வாயைத் திறந்தாள்.

"அலோ? அலோ? கேக்கல," என்றான் தணிகாசலம். கொஞ்ச நேரம் பொறுத்தான். "சரி வுடு. வந்தே அழு."

அவள் வந்து சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. படி முழுக்க ஆட்கள். நூலைக் கையில் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் ஏற ஏற அது தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டது. ஏழாம் மாடியில் பூங்காவனம் முந்தின நாள் கட்டிய அதே புடவையில் நின்றுகொண்டிருந்தாள். எழிலரசி அவளைக் கடந்து உள்ளே போனாள்.

"வந்துட்டியா கண்ணு," என்றாள் தேசம்மா. "சாப்ட்டியா?"

யாரோ அவளைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். பெண்கள் வாசல்வரை வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றார்கள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அது தொண்டைக்கு ஏறி வருகிற வருத்தமாக இல்லை. அந்த மனிதருக்கு அவள் மகள் அல்ல, மருமகள் அல்ல, அக்கம்பக்கம் அல்ல. என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கீழே ஐஸ் பெட்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அழத் தெரியாதவ எதுக்குப் பேரப் போட்டுக்கின?" என்றாள் பூங்காவனம் வாசலிலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை.

"தெரியாமப் போட்டுட்டேங்க்கா."

வாசலில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். வேறு எதுவும் தெரியாததால், அந்த மனிதரைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒன்றை எழிலரசி சொல்லத் தொடங்கினாள். அவருடைய குரலை வெட்டி ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பொருத்திய மாதங்களில் அது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"மொதல்ல பம்பு," என்றாள். "பம்பு தாண்டினா மாரியாத்தா கல்லு. கல்லாண்ட செல்லக்கிளி வூடு. அடுத்தாப்ல டீக்கட, கட இல்ல இப்போ, பலக மட்டும். அப்பால வண்டி நிறுத்துற எடம். அப்பால ஒரு முருங்க, அதும் பின்னால வேணு வூடு, கதவு ஆத்தப் பாத்து..."

ராகம் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. அவளை அறியாமல் இடது கை காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது, நூலும் நகர்ந்தது. வாசலில் நின்றவர்களில் சிலர் தங்கள் வீடு வந்தபோது உதட்டைக் கடித்தார்கள், சிலர் தங்கள் வீட்டை அவள் விட்டுவிடுவாளோ என்று பயந்ததுபோல ஒரு அடி முன்னால் வந்தார்கள். அவள் ஒன்றையும் விடவில்லை, ஏனென்றால் அவர் விட்டிருக்கவில்லை.

"...அப்பால சந்து. சந்துல எதிர் வண்டி வந்தா நாந்தான் ஒதுங்கணும். சந்து முடிஞ்சா நம்ம வூடு. நம்ம வூட்டுக்கு அப்பால தகரம். தகரத்துக்கு அந்தாண்ட பூங்கா வூடு."

பூங்காவனத்திடமிருந்து குரல் வந்தது. "அண்ணே" என்று தொடங்கி, அந்தச் சொல் முடியாமல் நீண்டு, ஏழு மாடியும் இறங்கிப் போயிற்று. அது முதல் குரலா, இரண்டாவது குரலா என்று யாரும் கேட்கவில்லை. அவள் வாசலைத் தாண்டி உள்ளே ஓடிவந்தாள். காலைத் தூக்கவில்லை. நூல் தடுக்கி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த தேசம்மாவின் மடியிலேயே போய் விழுந்தாள். அதன் பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

எழிலரசி எழுந்து ஒதுங்கி நின்றாள். பெட்டி மேலே வந்தது. மாலை வந்தது, மேளம் வந்தது. எந்தப் பக்கம் நின்றாலும் அவள் யாருக்காவது வழியை மறித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்து, ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, வீடு கழுவிவிடப்பட்ட பிறகு அவள் புறப்பட்டாள். பூங்காவனம் தேசம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "நீ கெளம்பு," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இனிமே நான் பாத்துக்கறேன்." தேசம்மா கையை எடுத்துக் கும்பிட்டாள். இரண்டு பெண்களுக்கும் குறுக்கே, கஞ்சிக் கிண்ணத்துக்கு மேலாக, நூல் அப்படியேதான் இருந்தது. ஒரு சாவோடு அது அறுந்துவிடும் என்று பஸ்ஸில் வரும்போது அவள் நம்பியிருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்த வீட்டில் இனி விழுவதற்கு ஒரு சாவுதான் மீதி இருக்கிறது. அதுவும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அப்போது அவள் எந்த ஊரில் இருந்தாலும், பூங்காவனம் எதிர்க்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கட்டின புடவையோடு, அவள் வந்து குரல் எடுப்பதற்காக நின்றுகொண்டிருப்பாள்.

பஸ் வந்தது. அவள் ஏறியதும் படிக்கட்டின் குறுக்கே நூல் விழுந்தது. பின்னால் ஒரு கிழவர் மூட்டையோடு ஏற முடியாமல் நின்றார்.

"கயித்தக் கொஞ்சம் தூக்கிப் புடிம்மா," என்றார் கண்டக்டர். "ஆளு ஏறணும்ல."

எழிலரசி தூக்கிப் பிடித்தாள்.